அமைதி பற்றிப் பிள்ளைகள் எழுதும் கனவுகள்: பெற்றோரும் தொண்டூழியர்களும் அடிக்கடி கேட்பவை

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு முறை தமிழ்ப் பிள்ளைகளைக் கூட்டி, மார்ட்டின் லூதர் கிங்கின் கதையைச் சொல்கிறோம். பிறகு அமைதி பற்றிய தங்கள் ஆசையை எழுதவும் வரையவும் படித்துக் காட்டவும் அவர்களை விடுகிறோம். ஒன்று ஜனவரியில், கிங் பிறந்த நாளையொட்டி. மற்றொன்று ஜூலை 21, இன நல்லிணக்க நாளையொட்டி. பெற்றோரும் புதிதாகச் சேரும் தொண்டூழியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது பேச்சுப் போட்டியா? பரிசு உண்டா?

போட்டி இல்லை, பரிசும் இல்லை. ஒரு பிள்ளையின் ஆசைக்கு முதல் பரிசும் இன்னொரு பிள்ளையின் ஆசைக்கு ஆறுதல் பரிசும் எப்படிக் கொடுப்பது? நம் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் போட்டிகள் இருக்கின்றன. நடுவர் இல்லாத ஒரு சனிக்கிழமை காலை அவர்களுக்கு வேண்டும் என்று நினைக்கிறேன்.

கிங் யாரு? பிள்ளைக்குப் புரியுற மாதிரி சுருக்கமா எப்படிச் சொல்றது?

அவர் 1929 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் அட்லான்டா நகரில் பிறந்தவர். அப்போது அந்நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனித் தண்ணீர்க் குழாய், பஸ்ஸில் பின்பக்க இருக்கை என்றுதான் சட்டமே இருந்தது. அதை யாரையும் அடிக்காமல், யாருக்கும் பயப்படாமல் மாற்றப் போராடினார். 1955 டிசம்பரில் மாண்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற பெண்மணி பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்க மறுத்ததற்காகக் கைதானார். அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தார்கள், ஒருவர் காரில் மற்றவர் தொற்றிக்கொண்டு போனார்கள். அதற்குத் தலைமை தாங்கியபோது கிங்குக்கு 26 வயது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் முன்னால் தம் கனவைப் பற்றிப் பேசினார். 1964-ல் அமைதிக்கான நோபெல் பரிசு பெற்றார்.

ஆனால் பிள்ளைகளிடம் இந்த வரிசையில் சொல்லத் தொடங்காதீர்கள், ஆண்டுகள் அவர்கள் காதில் நிற்காது. மளிகைக்கடைக் கதையில் தொடங்குங்கள். சிறுவன் கிங்குக்கு வெள்ளையினத் தோழன் ஒருவன் இருந்தான். கிங்கின் வீட்டுக்கு எதிரில் அந்தப் பையனின் அப்பா கடை வைத்திருந்தார். இருவருக்கும் ஆறு வயதாகிப் பள்ளி தொடங்கியதும் வெவ்வேறு பள்ளிகள். சில நாளில் அந்தப் பையன், இனி உன்னோடு விளையாடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார் என்றான். கிங் வீட்டுக்கு வந்து கேட்டபோது அவர் அம்மா அடிமைக் காலத்தில் தொடங்கி நடந்ததையெல்லாம் விளக்கிவிட்டு, நீ யாருக்கும் குறைந்தவன் இல்லை என்றார். இதைச் சொல்லி முடித்தால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், அந்த வெள்ளைப் பையன் அப்புறம் என்ன ஆனான் என்பதுதான். அந்தக் கேள்வியிலிருந்தே எழுத்து தொடங்கிவிடும்.

நமக்குக் காந்தி இல்லையா? அமெரிக்காக்காரர் எதுக்கு?

கிங்கே காந்தியைத் தேடி வந்தவர்தான். 1959 பிப்ரவரியில் மனைவி கொரெட்டாவோடு இந்தியா வந்து ஏறத்தாழ ஒரு மாதம் சுற்றினார். மற்ற நாடுகளுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போகலாம், இந்தியாவுக்கு யாத்திரிகனாகவே வருகிறேன் என்றார். கன்னியாகுமரியில் பாறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் சூரியன் இறங்குவதையும் மறுபக்கம் நிலா ஏறுவதையும் பார்த்ததைப் பிறகு தம் சபையில் சொல்லியிருக்கிறார். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்தப் பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த பள்ளிக்கு அவர் போனபோது, அதன் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். கிங் முதலில் திடுக்கிட்டார். பிறகு யோசித்துப் பார்த்து, ஆம், நான் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டார். கிங்கை நாம் தேர்ந்தெடுக்க எனக்கு இது ஒரு முக்கியக் காரணம். தூர தேசத்து அநியாயத்தைப் பார்த்து நம் பிள்ளைகள் பரிதாபப்படுவதோடு நிற்காமல், நம் ஊர் வழக்கங்களையும் கேள்வி கேட்க அந்தக் கதை வழி விடுகிறது. பெரிய பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

நம் நாட்டுக் கதையும் கூடவே வரும். பள்ளியில் தினமும் அவர்கள் சொல்லும் தேசிய உறுதிமொழியை 1966-ல் எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழரான எஸ். ராஜரத்தினம். இரண்டு ஆண்டு முன்னால்தான் இங்கே இனக்கலவரம் நடந்திருந்தது. "இனம், மொழி, மதம்" என்ற சொற்கள் அதில் ஏன் வந்தன என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

என் மகளுக்கு ஆறு வயசுதான். இதெல்லாம் சீக்கிரமா?

இல்லை. பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் நியாயம் அநியாயம் நன்றாகத் தெரியும். இந்த வயதுக்கு ரூபி பிரிட்ஜஸ் கதை பொருந்தும். 1960 நவம்பரில், ஆறு வயதில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த ஒரு பள்ளிக்குள் காவலர் துணையோடு நடந்து போன சிறுமி அவர். மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டதால் அந்த ஆண்டு முழுவதும் ஓர் ஆசிரியையோடு அவர் மட்டும் வகுப்பில் இருந்தார். சின்னப் பிள்ளைகளிடம், நீ அந்தப் பள்ளியில் இருந்திருந்தால் ரூபிக்கு என்ன செய்திருப்பாய் என்று கேட்டு வரையச் சொல்லுங்கள், போதும்.

"உலகம் முழுதும் அமைதி நிலவ வேண்டும்"னு ஒரு வரி எழுதிட்டு உட்கார்ந்திருக்கான். அடுத்து என்ன எழுதச் சொல்றது?

எல்லாக் கேள்விகளிலும் அதிகம் வருவது இதுதான், எனக்கு அதிகம் கவலை தருவதும் இதுதான். அந்த வரி பிள்ளையுடையது இல்லை, பெரியவர்களிடமிருந்து வந்தது. எங்கள் மேசையில் அப்படி ஒரு தாள் வந்தால் திருப்பிக் கொடுக்க மாட்டோம், பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்போம். அமைதி வந்துவிட்டது என்று வைத்துக்கொள். மறுநாள் காலையில் நீ என்ன பார்ப்பாய்? உன் அடுக்குமாடி புளோக்கில் என்ன மாறியிருக்கும்? கீழ்த்தளத்தில் யார் யாரோடு உட்கார்ந்திருப்பார்கள்? உன் வகுப்பில் இடைவேளையில் யார் தனியாக உட்கார மாட்டார்கள்?

கிங்கும் அப்படித்தான் பேசினார். உலகம், மனிதகுலம் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் செம்மண் குன்றுகளைச் சொன்னார். முன்னாள் அடிமைகளின் பிள்ளைகளும் முன்னாள் எசமானர்களின் பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்காருவதைச் சொன்னார். தம் நான்கு பிள்ளைகளையும் சொன்னார், தோல் நிறத்தை வைத்து இல்லாமல் குணத்தை வைத்து அவர்களை மதிப்பிடும் நாடு வேண்டும் என்றார். ஊர், மேசை, பிள்ளைகள். இதை எடுத்துக் காட்டிவிட்டு, உன் ஊர் எது, உன் மேசை எது, உன் ஆட்கள் யார் என்று கேட்டால் பென்சில் நகரத் தொடங்கும்.

அப்படி எழுதியவர்கள் எதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? உணவங்காடி நிலையத்தில் எந்த மேசையிலும் தன் மலாய்த் தோழியும் தானும் சேர்ந்து சாப்பிட ஒரு சாப்பாடு வேண்டும் என்று ஒரு பிள்ளை. லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகும் அண்ணன்கள் மழையில் நனையக் கூடாது என்று இன்னொரு பிள்ளை. வீட்டில் வேலை பார்க்கும் அக்கா ஆண்டுக்கு இரண்டு தடவையாவது தன் மகனைப் பார்க்க வேண்டும் என்று மூன்றாவது. இவற்றில் அமைதி என்ற சொல்லே இல்லை. இருந்தாலும் உலக அமைதி என்று எழுதிய தாளைவிட இவை கிங்குக்கு நெருக்கமானவை.

தமிழ்ல எழுதக் கஷ்டப்படுறா. இங்கிலீஷ்ல எழுதலாமா?

முதலில் வாயால் தமிழில் சொல்லட்டும், தொண்டூழியர் அப்படியே எழுதிக்கொள்வார். பிறகு அதைப் பார்த்து அவளே எழுதட்டும். நடுவில் ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். தேர்வுத்தாள் இல்லை இது. மனத்தில் உள்ளதைத் தமிழில் சொல்ல முடிகிறது என்று ஒரு பிள்ளை உணர்ந்தால் அந்தக் காலைப்பொழுது வீண் போகவில்லை.

நான் கொஞ்சம் திருத்திக் கொடுத்தா நல்லா இருக்குமே?

எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். கருத்தைத் தொடாதீர்கள். தொடக்கத்தில் பழமொழியோ மேற்கோளோ சேர்க்காதீர்கள். மனப்பாடம் செய்யவும் வைக்காதீர்கள். வாஷிங்டன் உரையின் எழுதி வைத்த படியில் கனவு பற்றிய பகுதியே கிடையாது. பாடகி மஹாலியா ஜாக்சன் பக்கத்திலிருந்து, கனவைப் பற்றிச் சொல்லுங்கள் மார்ட்டின் என்று குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டுவிட்டு மனத்திலிருந்து பேசினார். முதுகுக்குப் பின்னால் நிற்கும் அம்மா அப்பாவுக்கும் மஹாலியாவின் வேலைதான்: நினைவூட்டுங்கள், வாசகம் கொடுக்காதீர்கள்.

அவரு பாதிரியார்தானே? நாங்க வேற மதம்.

ஆம், அவர் கிறிஸ்துவப் போதகர். அவர் பேச்சில் பைபிள் நிறைய வரும். அதை மறைக்க மாட்டோம், ஆனால் எங்கள் நிகழ்ச்சியில் பிரார்த்தனையோ பிரசங்கமோ இருக்காது. அவர் காந்தியைத் தேடி வந்ததைத்தான் மேலே சொன்னேனே. பிள்ளைகளும் அவரவர் வீட்டு நம்பிக்கையிலிருந்து எழுதலாம். கோயில் பற்றியும் பள்ளிவாசல் பற்றியும் எழுதிய தாள்கள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன.

அவரைச் சுட்டுக் கொன்னதைப் பிள்ளைகிட்ட சொல்லணுமா?

எட்டு ஒன்பது வயதுக்கு மேல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் பள்ளி நண்பனோ யூடியூப்போ சொல்லும். 1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகரில் கிங் கொல்லப்பட்டார், வயது 39. குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கத்தான் அங்கே போயிருந்தார். இந்தக் கடைசித் தகவலை விட்டுவிடாதீர்கள். எதற்காக உயிர் போனது என்று தெரிந்தால் பிள்ளைக்குப் பயத்தோடு மரியாதையும் வரும்.

அதற்கு அடுத்து வரும் கேள்விக்குத் தயாராக இருங்கள்: "நல்லது செஞ்சா கொன்னுடுவாங்களா?" அவசரமாகச் சமாதானம் சொல்ல வேண்டாம். சிலர் வெறுத்தார்கள், ஒருவன் சுட்டான், ஆனால் கறுப்பினத்தவரின் உரிமைக்காக 1964-லும் 1965-லும் வந்த சட்டங்கள் நின்றன, தனித் தண்ணீர்க் குழாய்கள் போயின என்று நடந்ததைச் சொல்லுங்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு ரூபியின் கதையோடு நிறுத்தலாம்.

சிங்கப்பூர்தான் அமைதியா இருக்கே. இங்க எதுக்குக் கனவு?

1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது தொடங்கிய கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடி வெடித்ததில் 13 பேர் இறந்தார்கள். அந்த ஜூலை 21-ஐத்தான் 1997 முதல் பள்ளிகள் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றன. பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் அன்று பாஜு குரோங்கும் சேலையும் சியோங்சாமும் உடுத்திப் போவதுதான். ஏன் உடுத்துகிறோம் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுகிறோம். ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததை நினைவு வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் பல புளோக்குகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிய தாள்கள் எங்களிடம் வந்தவற்றிலேயே சிறந்தவை.

இன்னொன்று. 1963-ல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் கிங் இருவகை அமைதியைப் பிரித்துச் சொன்னார். சச்சரவு இல்லாமல் இருப்பது ஒன்று, நியாயம் இருப்பது மற்றொன்று. நம் நாட்டில் முதலாவது இருக்கிறது, அதன் அருமை எனக்குத் தெரியும். இரண்டாவதைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல இருக்கிறது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

பஸ்ஸுல ஒருத்தன் கறுப்புன்னு கேலி பண்ணினதை என் மகன் எழுதியிருக்கான். இதைப் படிக்க விடலாமா?

அவன் விரும்பினால் விடலாம். அவன் விருப்பம்தான் முதல் நிபந்தனை. இதே போன்ற ஒன்று கிங்குக்கும் நடந்தது. பதின்ம வயதுப் பள்ளி மாணவனாக, ஒரு பேச்சுப் போட்டியில் பேசிவிட்டு ஆசிரியையோடு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். வெள்ளையர் ஏறியதும் எழச் சொன்னார்கள். அட்லான்டா வரை ஏறத்தாழ 145 கிலோமீட்டர் நின்றுகொண்டே வந்தார். வாழ்க்கையிலேயே அவ்வளவு கோபம் வந்ததில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள். கோபப்பட்டது தப்பில்லை என்று தெரியட்டும்.

படிக்கும்போது கேலி செய்தவனின் இனத்தைச் சொல்லத் தேவையில்லை, நடந்ததைச் சொன்னால் போதும். ஒருவன் செய்ததை ஓர் இனத்தின் மேல் ஏற்றக் கூடாது என்பதை அந்த இடத்திலேயே பேசிவிடலாம். ஆனால் தயவுசெய்து "அதெல்லாம் விளையாட்டுக்குச் சொன்னது, விடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த தடவை நடந்தால் உங்களிடம் வந்து சொல்ல மாட்டான்.

பர்மிங்ஹாம்ல பிள்ளைகளே ஊர்வலம் போனாங்களாமே. நம்ம பிள்ளைகளும் பதாகை பிடிச்சுத் தேக்காவுல ஒரு சுற்று போகலாமா?

போனது உண்மை. 1963 மே 2 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறி நடந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். மறுநாள் அவர்கள் மேல் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சினார்கள், நாய்களை ஏவினார்கள். அந்தப் படங்கள் உலகத்தையே உலுக்கின. சில நாளில் அந்நகரக் கடைக்காரர்கள் இறங்கிவந்தார்கள். ஆனால் பிள்ளைகளை முன்னால் நிறுத்தியது சரியா என்று அன்றே கடுமையாக விவாதித்தார்கள். கிங்கே முதலில் தயங்கினார். அதே செப்டம்பரில் அந்நகரத் தேவாலயம் ஒன்றில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அவர்களில் மூவரின் இறுதிச்சடங்கில் கிங்தான் பேசினார். பதின்ம வயதினரிடம் இந்த விவாதத்தை முழுதாகத் திறந்து வைக்கிறோம், நீங்கள் பெற்றோராக இருந்தால் அனுப்பியிருப்பீர்களா என்று.

இங்கே ஊர்வலம் கிடையாது. பொது இடத்தில் ஒரு கருத்தை வலியுறுத்தி நடந்தால், ஒரே ஓர் ஆள் நடந்தாலும், காவல்துறை அனுமதி வேண்டும். எங்கள் நிகழ்ச்சி மன்ற அறைக்குள் நடக்கிறது, தாள்கள் அறைச் சுவரில் இருக்கின்றன. அது போதுமானது.

டிவியில பார்த்த போரைப் பத்தி எழுதலாமா?

எழுதலாம். கண்ணால் பார்த்து மனம் கலங்கிய பிள்ளையை, வேறு எழுது என்று சொல்வது சரியில்லை. அங்குள்ள ஒரு பிள்ளைக்கு என்ன சொல்ல விரும்புகிறாய் என்று கேளுங்கள். யார் பக்கம் நியாயம் என்று பெரியவர்கள் அந்த அறையில் வாதாட வேண்டாம். பிற நாட்டுக் கொடிகளை வரைந்து பொது இடத்தில் மாட்ட வேண்டாம், அதற்கு இங்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு. ஜப்பானில் ஹிரோஷிமா குண்டின் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டு 1955-ல் 12 வயதில் இறந்த சடாகோ சசாகி மடித்த காகிதக் கொக்குகளைச் சொல்லி, சில பிள்ளைகள் கொக்கு மடிப்பார்கள். எழுத முடியாத அளவுக்குக் கலங்கும் பிள்ளைக்கு அது உதவுகிறது.

மூத்தவன் தேசிய சேவையில (ராணுவப் பயிற்சி) இருக்கான். சின்னவன் "துப்பாக்கியே வேண்டாம்"னு எழுதிட்டான். அண்ணனைத் தப்பா நினைப்பானோ?

இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம். கிங் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கில் வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசினார். போருக்கு அனுப்பப்பட்ட ஏழை வீட்டு இளைஞர்களை அவர் பழிக்கவில்லை, அவர்களுக்காகவே வருந்திப் பேசினார். சின்னவனை அண்ணனிடமே கேட்கச் சொல்லுங்கள்: நீ எதற்காகப் பயிற்சி எடுக்கிறாய், எது நடக்கக் கூடாது என்று நினைக்கிறாய்? பீச் ரோட்டில் உள்ள போர் நினைவுச்சின்னத்துக்கு இருவரையும் கூட்டிப்போங்கள். ஜப்பானிய ஆட்சியில் மாண்ட பொதுமக்களுக்காக 1967-ல் எழுப்பிய அதன் நான்கு தூண்களும் நான்கு சமூகத்தினரைக் குறிக்கின்றன. அங்கே நின்று பேசினால் இருவரும் ஒன்றையே விரும்புவது தெரியவரும். தெரியவராவிட்டாலும் பரவாயில்லை, சின்னவன் எழுதியதை மாற்ற வேண்டாம்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையோட சேராதேன்னு பாட்டி சொல்றாங்க"ன்னு எழுதியிருக்கா. குடும்ப மானம் போகுதே?

மளிகைக்கடைக் கதையைக் கேட்டுவிட்டு எழுதினாள் இல்லையா? கதை சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதில் வரும் அப்பாவைத் தன் வீட்டிலேயே அவள் பார்த்துவிட்டாள். அவளைக் கண்டிக்காதீர்கள். பாட்டியையும் பிள்ளை முன்னால் கண்டிக்க வேண்டாம், அவர் எதைப் பார்த்து, எதற்குப் பயந்து அப்படிச் சொல்கிறார் என்று தனியாகக் கேளுங்கள். 1964-ஐப் பார்த்தவராக இருக்கலாம். பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள், பாட்டி வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து.

"அம்மாவும் அப்பாவும் சத்தம் போடாம இருக்கணும், அதுதான் என் அமைதி"ன்னு எழுதினா என்ன செய்வீங்க?

இப்படிப்பட்ட தாள்கள் வருகின்றன. சுவரில் ஒட்ட மாட்டோம், யாரையும் எழுந்து படிக்கச் சொல்ல மாட்டோம். பிள்ளையிடம், எழுதியதற்கு நன்றி, இதை என்ன செய்யலாம் என்று கேட்போம். பெரும்பாலும், அம்மாவிடம் கொடுங்கள் என்பார்கள். அப்படியென்றால் உறையில் போட்டு உங்கள் கையில் தருவோம். அடிதடி, பயம் என்று தெரியும்படி எழுதியிருந்தால் மன்றப் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லிவிடுவோம், அதை ரகசியமாக வைத்திருக்க மாட்டோம். பெயர் பதிவு செய்யும்போதே இதை எல்லாப் பெற்றோருக்கும் சொல்லுகிறோம்.

உறை உங்கள் கைக்கு வந்தால், அன்று இரவே பிள்ளையிடம் விளக்கம் கேட்காதீர்கள். படித்தேன் என்று மட்டும் சொல்லுங்கள்.